பிரெஞ்சு அறியாத அன்னையும் பிரெஞ்சுப் படிக்கும் பிள்ளையும்

தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே பிள்ளையின் பிரெஞ்சுப் படிப்பில் தாய்க்கு வேலை இல்லை. புதுச்சேரியில் இவ்வாறு பேசும் வீடுகள் பல. கற்றவர்களும் பேசுகின்றனர்; கல்லாதவர்களும் பேசுகின்றனர். தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருள் ஈட்டுவோர் இதை மகிழ்ச்சியோடு வழிமொழிகின்றனர். இக்கூற்று பொருந்தாது என்பதும், இதனால் பிள்ளைகள் அடையும் இழப்பு பெரிது என்பதும் என் கருத்து. அதனை நம் மன்றத்து நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தலைநகரில் வெளிவரும் தமிழ் மாணவர் இதழில் புதுவையின் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் புதுவையில் பிறந்தவன். பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் பயில இங்கு வந்தவன். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சும் ஒரு பாடமாக இருக்கிறது. நம் நண்பர்கள் சிலர் மாலை வேளைகளில் அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கைச்செலவுக்குத் தேடிக்கொள்கின்றனர். அவர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதுவையின் நிலையை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். 1954 நவம்பர் முதல் நாள் புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய பகுதிகளின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 இல் எழுதப்பட்ட உடன்படிக்கை, 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழியினர் இன்றும் எங்கள் ஊரில் வாழ்கின்றனர். அவர்களிற் பலர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். 'சொல்தா வீடு' என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் விளங்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளும் வேறு பல வீட்டுப் பிள்ளைகளும் 1826 இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு லீசேயில் படிக்கின்றனர். அங்குப் பாடத்திட்டம் முழுவதும் பிரான்சு நாட்டுடையது. ஆறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வகுப்பு முதல் எல்லாம் பிரெஞ்சில் நடக்கும். அப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வாசிப்பு ஓர் அணிகலன் அன்று. கணக்குப் பாடத்தையும் அதன் வழியாகத்தான் படித்தாக வேண்டும். நாளைய பிழைப்பும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இனி வீட்டுக்குள் நுழைவோம். தந்தை பிரான்சில் வேலை பார்க்கிறார். தாய் விழுப்புரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், பிரெஞ்சு தெரியாது. என் அக்காள் வீடும் இத்தகையதே. அக்காள் மகனுக்கு அப்போது ஏழு வயது. விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, "அம்மாகிட்ட படிச்சுக் காட்டுடா" என்றேன். "அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே மாமா. அவுங்ககிட்ட எதுக்குப் படிக்கணும்?" என்றான். சொன்னவன் முகத்தில் குறும்பு இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் முகமாகத்தான் இருந்தது. அக்காள் ஒன்றும் பேசாமல் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அவனுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அவ்வூரில் ஒருவர், பெயர் வேண்டா, பெற்றோர்களைக் கூட்டி வைத்து, "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், பிள்ளையின் பிரெஞ்சு கெடும்" என்று அறிவுரை கூறியிருக்கிறார். அக்காள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். தெரியாத மொழியைப் பேச முடியாது. தெரிந்த மொழியையும் பேசக் கூடாது. ஆகவே பிள்ளையின் படிப்பு நேரத்தில் வாய் மூடி இருந்தாள். தாய் வாய் மூடிய வீட்டில் பிள்ளைக்குப் பிரெஞ்சு வளர்ந்ததா? அதுவும் இல்லை. தனிப்பாடத்துக்குப் போனான்; வந்தான். மாதங்கள் கழிந்தும் ஒரு பக்கத்தை இடறாமல் படிக்க அவனால் முடியவில்லை.

இங்கே கனடா நாட்டுச் செய்தி ஒன்றை நினைவூட்ட வேண்டும். மொந்திரியால் நகரை அடுத்த சேன் லாம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் 1965 இல் தம் பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கச் செய்தனர். மழலைப் பருவத்திலிருந்தே பாடம் எல்லாம் பிரெஞ்சில் நடக்கும் வகுப்பு அது. மக்கில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடன் பணிபுரிந்த ரிச்சர்டு டக்கரும் அப்பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து, 1972 இல் நூலாக வெளியிட்டனர். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த அப்பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகப் படித்தனர். அவர்களுடைய ஆங்கிலமும் குறைவுபடவில்லை. அப்பெற்றோரிடம் சென்று, "வீட்டில் ஆங்கிலம் பேசாதீர்கள்" என்று சொல்ல யாருக்கேனும் நா எழுந்திருக்குமா? எழுந்திராது. ஆங்கிலம் அங்கே செல்வாக்குள்ள மொழி. தமிழ்த் தாயிடம் மட்டும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அச்சொல்லுக்கு அடியில் இருப்பது மொழியறிவா, மதிப்பின்மையா என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு வாசிப்பு எளிதென்று நான் சொல்ல வரவில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொலைவு அம்மொழியில் பெரிது. 'பறவை' என்னும் பொருள்படும் 'உவாஸோ' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆறு எழுத்துகள் கொண்டது. ஓ, ஐ, எஸ், ஈ, ஏ, யூ என்ற அவ்வாறில் ஒன்றேனும் தனக்குரிய ஒலியைத் தரவில்லை என்று ஃபெர்தினான் தெ சொசூர் என்னும் மொழியறிஞர் தம் விரிவுரைகளில் சுட்டினார். அவர் மறைந்த பின் 1916 இல் வெளிவந்த நூலில் இது காணப்படுகிறது. 'பேசுகிறான்', 'பேசுகிறார்கள்' என்னும் இரு வினைகளும் எழுத்தில் வேறு. செவிக்கு இரண்டும் 'பார்ல்' என்றே கேட்கும். சொல்லின் இறுதியில் நிற்கும் மெய்களிற் பல எழுதப்படும், ஒலிக்கப்படா.

ஆங்கிலம் அறிந்த வீட்டில் இன்னொரு தொல்லை. பீ, ஏ, ஐ, என் என்ற எழுத்துகளைக் கண்டதும் ஆங்கிலம் படித்த அண்ணன் 'பெயின்' என்று படித்து, 'வலி' என்று பொருளும் சொல்லிவிடுவான். பிரெஞ்சில் அது ரொட்டி. சீ, எச், ஏ, டீ என்பது 'சாட்' அன்று. 'ஷா' என்று ஒலிக்கும். பூனை என்று பொருள். அரைகுறையாக ஆங்கிலத்தைக் கலந்து உதவும் அண்ணனைவிட ஒன்றும் தெரியாத தாய் எவ்வளவோ மேல் என்பேன். அவர் தவறாகத் திருத்த மாட்டார்.

ஆனால் தமிழ்ப் பிள்ளை வெறுங்கையோடு இம்மொழிக்குப் போகவில்லை. இதைத்தான் பலர் காணத் தவறுகின்றனர். மூக்கொலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்கள் பிரெஞ்சைக் கற்கும்போது பெரிதும் இடர்ப்படும் இடம் அது. நம் வீட்டுப் பேச்சில் 'அவன் வந்தான்' என்பதை எப்படிச் சொல்கிறோம்? கடைசி னகரம் நாவில் நிற்பதில்லை. அதன் முன் உள்ள உயிர் மூக்கு வழியாகப் போகிறது. 'மரம்' என்று எழுதுகிறோம். பேச்சில் மகரம் தேய்ந்து, மூக்கில் ஓடும் ஓர் ஒகரம் எஞ்சுகிறது. வீடு என்னும் பொருளுடைய 'மேஸோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் இறுதியும் ஏறத்தாழ இவ்வாறே மூக்கில் முடிகிறது. பிள்ளையிடம், "மரம் என்பதை ஆயா எப்படிச் சொல்வாள்? அப்படி முடி" என்றால் போதும். என் மருகன் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டான்.

புணர்ச்சியும் அத்தகையது. 'நண்பர்கள்' என்பதற்குப் பிரெஞ்சில் இரு சொற்கள் சேர்ந்து வரும். தனித்தனியே 'லே', 'அமி'. சேர்த்துப் படிக்கும்போது முதற்சொல்லின் இறுதியில் ஊமையாய்க் கிடந்த எஸ் உயிர் பெற்று, 'லேஸமி' என்பது போல் ஒலிக்கும். மணி, அடித்தது என்னும் இரண்டையும் சேர்த்து 'மணியடித்தது' என்று நாள்தோறும் பேசும் பிள்ளைக்கு, இரண்டு உயிர்கள் மோதும் இடத்தில் ஒரு மெய் வந்து நிற்பது புதுமையாகத் தோன்றாது. அங்கே புதிய மெய் தோன்றுகிறது. இங்கே பழைய மெய் விழிக்கிறது. அவ்வளவே வேறுபாடு. 'காகம்' என்ற சொல்லில் ஒரே ககரம் முதலில் ஒருவிதமாகவும் இடையில் வேறுவிதமாகவும் ஒலிப்பதை எவரும் சொல்லிக் கொடுக்காமலே படிக்கும் பிள்ளை, எழுத்தின் ஒலி இடத்தைப் பொறுத்தது என்ற பாடத்தை ஏற்கெனவே கற்றுவிட்டது.

இன்னும் ஒன்று. பிரெஞ்சுக் கதை நூல்களில் பேச்சில் வழங்காத ஓர் இறந்தகால வடிவம் வரும். பாரிசு நகரத்துப் பிள்ளைக்கும் அது புத்தகத்தில்தான் அறிமுகம். 'வந்துச்சு' என்று பேசி 'வந்தது' என்று எழுதும் தமிழ்ப் பிள்ளைக்கு, நூல் மொழி ஒன்றும் வாய் மொழி ஒன்றுமாக இருப்பது இயல்பு. ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் மற்றொரு மொழிக்கும் துணை செய்யும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979 இல் எழுதினார். அதை இவ்வளவு அருகிலிருந்து காணும் வாய்ப்பு நம்மவர்களுக்கு இருக்கிறது. காண்பதற்கு முன்பே தமிழை வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

அப்படியானால் பிரெஞ்சு அறியாத தாய் செய்யக்கூடியது யாது? நான் அக்காள் வீட்டில் கண்டு தேறியவற்றைச் சொல்கிறேன். நாளொன்றுக்குப் பத்து நிமிடம். இரவு உணவுக்கு முன் என்றால் நல்லது. உண்ட பின் பிள்ளைக்கு உறக்கம் வரும். பக்கம் புதிதாக இருக்க வேண்டா. அன்று பள்ளியில் படித்த பக்கமே போதும். அதன் சரியான ஒலியைத் தாய் தர முடியாது என்பது உண்மை. அதற்குக் கைப்பேசி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஒருமுறை அப்பக்கத்தைப் படித்துப் பதிந்து கொடுத்தால், தாயும் பிள்ளையும் சேர்ந்து முதலில் கேட்கலாம். பிறகு பிள்ளை படிக்க, தாய் விரலால் வரியைத் தொடர வேண்டும். ஒரே பக்கத்தை மூன்று நாள் படிக்கட்டும். முதல் நாள் தட்டுத் தடுமாறும். மூன்றாம் நாள் நீரோட்டமாக ஓடும். அந்த ஓட்டத்தைத் தன் செவியாலேயே கேட்ட பிள்ளைக்குத் தன்மேல் வரும் நம்பிக்கையை, புதிய பக்கங்கள் மூன்று தர மாட்டா.

பிள்ளை தடுக்கும்போது தாய் பொறுத்திருக்க வேண்டும். மொழி தெரிந்தவர்களால் இது முடிவதில்லை. நான் பக்கத்தில் இருந்தால் மூன்றாம் நொடியில் சொல்லிவிடத் துடிக்கிறது வாய். அக்காளுக்குச் சொல்லத் தெரியாது, ஆதலால் காத்திருந்தாள். பிள்ளை தானே திரும்பிப் பார்த்து, எழுத்துகளைச் சேர்த்து, சொல்லைக் கண்டுபிடித்தான். அறியாமையும் சில வேளை ஆசிரியனுக்குரிய பொறுமையைத் தருகிறது போலும்!

படித்து முடித்ததும் தாய் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "என்ன கதைடா? எனக்குச் சொல்லு." பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். இதை வெறும் ஒப்புக்குச் செய்வதாக எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சு எழுத்தை அழகாக ஒலித்துவிட்டுப் பொருளே அறியாத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஒலிப்பைக் கேட்டு ஏமாறும் ஆசிரியர் உண்டு; பொருளைக் கேட்கும் தாயை ஏமாற்ற முடியாது. "நரி ஏன் சிரிச்சுது?" என்று கேட்டால், பிள்ளை மீண்டும் பக்கத்துக்குள் போய்த் தேடித்தான் வர வேண்டும். அக்காள் இப்படிக் கேட்கத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், பையன் அவளுக்குப் பாடம் நடத்தவே தொடங்கிவிட்டான். இது ரொட்டி, இது பூனை என்று சொல்லி, அவள் தவறாக ஒலித்தால் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்ற பேச்சு அவன் வாயில் அதன் பிறகு எழவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தாய்க்குக் கொடுக்கும் பிள்ளையிடம் இறுமாப்புக்கு இடம் ஏது?

கதைகளைத் தேர்வதிலும் தமிழ் வீடு உதவும். 1668 இல் லா ஃபோந்தேன் வெளியிட்ட நீதிக்கதைப் பாக்களில் காக்கையும் நரியும் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வர். அங்கே காக்கையின் அலகில் இருப்பது பாலாடைக்கட்டி. நம் ஆயாவின் கதையில் வடை. பாட்டின் நடை பழமையானது. ஏழு வயதுக்குக் கடினந்தான். ஆயினும் கதை முழுதும் பிள்ளைக்கு முன்பே தெரியும். தெரிந்த கதையைத் தெரியாத மொழியில் படிக்கும்போது ஊகம் கைகொடுக்கிறது. இன்னும் எளிதாக வேண்டும் என்றால், 'பேர் காஸ்தோர்' வரிசையில் 1950 இல் வெளிவந்த 'ரூல் கலேத்' என்ற படக்கதை இருக்கிறது. உருண்டோடும் பணியாரத்தின் கதை. அப்பணியாரம் எதிர்ப்படும் விலங்குகளிடம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும். நான்காம் முறை வரும்போது பிள்ளை எழுத்தைப் பாராமலே பாடிவிடும். பார்க்காமற் படிப்பது ஏமாற்று அன்றோ என்று ஒரு நண்பர் கேட்டார். வாய்க்கு வந்த பிறகு கண் அதே இடத்தில் வந்து நிற்கிறது. நம் முன்னோர் ஆத்திசூடியை முதலில் வாயாற் கற்று, பின்னர்ச் சுவடியிற் கண்டதும் இவ்வழியேதான்.

காசில்லாத பாடநூலும் புதுவையில் உண்டு. தெருப் பெயர்ப் பலகைகளைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய பலகைகள் பழைய நகர்ப்பகுதியில் மூலைக்கு மூலை நிற்கின்றன. 'துய்மா வீதி' என்று தமிழில் இருக்கும். மேலே பிரெஞ்சில் அச்சொல்லின் கடைசியில் ஓர் எஸ் நிற்கும். "இந்த எழுத்து தமிழில் ஏன் இல்லை?" என்று தாய் கேட்கலாம். இறுதி மெய் ஒலியாது என்ற விதியைப் பிள்ளை தானே சொல்லும்.  

ஒரு பழக்கத்தை மட்டும் நான் கடுமையாக வெறுக்கிறேன். பிரெஞ்சு வரியின் தலைமேல் தமிழ் எழுத்தில் ஒலியை எழுதி வைப்பது. இக்கட்டுரையில் நானும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேனே எனலாம். இது உங்களுக்காக, நீங்கள் இதைக் கொண்டு பிரெஞ்சு வாசிக்கப் போவதில்லை. பிள்ளையின் பக்கத்தில் எழுதினால், கண் தமிழின் மேலேயே ஓடும். கீழே உள்ள வரி வெறும் கோலமாகிவிடும். உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொன்னால் பிறக்கும் பிரெஞ்சு உயிரொலிக்கு நம்மிடம் எழுத்தும் இல்லை. தமிழை வாயில் வைத்திருங்கள், காதில் வைத்திருங்கள்; அந்தத் தாளில் வேண்டா.

ஏழைத் தாய்க்குப் பத்து நிமிடமும் அரிது என்று சொல்வார்கள். மெய்தான். வீட்டு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தாயிடம், "உட்கார்ந்து கேள்" என்று அறிவுரை கூற எனக்கும் நா கூசுகிறது. அங்கே ஆயா கேட்கலாம்; எதிர்வீட்டு அக்காள் கேட்கலாம்; அடுப்பருகே நின்றபடி தாயே காதால் மட்டும் கேட்கலாம். அதுவும் முடியாத வீடுகளுக்குப் பள்ளிதான் பொறுப்பேற்க வேண்டும். தாய்மேல் பழி போடும் உரிமை அதற்குக் கிடையாது.

இனி, மாலைப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நம் நண்பர்களுக்கு. நீங்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் போகிறீர்கள். மற்ற நாள்களில் அப்பிள்ளை வீட்டாரோடுதான் இருக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தாதீர்கள். தாயையும் வந்து அமரச் சொல்லுங்கள். அவர் தமிழரோ பஞ்சாபியரோ வங்காளியரோ, எவராயினும் ஆகுக. கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த வாரத்துப் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்து அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். எந்த இடத்தில் பொறுத்திருக்க வேண்டும், கதை முடிந்ததும் அவர் மொழியில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். இதனால் நம் பிழைப்புப் போய்விடும் என்று ஒரு நண்பர் அஞ்சினார். போகாது. இலக்கணமும் கட்டுரையும் நமக்காகக் காத்துக் கிடக்கின்றன. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை!